இப்போது மூச்சு விடலாம்

ஸெனித் கேமராவின் வெளிச்சமானி செத்து
இருபது வருடம்.
ஜன்னலோரம் உள்ளங்கையை நீட்டி
ஒளியைக் குத்துமதிப்பாக நிறுக்கிறேன்:
நூற்றிருபத்தைந்தில் ஒன்று.
இல்லை, அறுபதில் ஒன்று.
ருஸ்தாவியின் பிப்ரவரி வெயில்
காய்கறிக்காரியைப் போல,
கேட்கும்போதெல்லாம் வேறு விலை சொல்லும்.

முக்காலி கிடையாது.
நாற்காலி இருக்கிறது, அதில் ஒரு கால் உடைந்தது.
ஆகவே கணக்கு சரி.
அதைச் சுவரோடு முட்டுக் கொடுத்து
அதன்மேல் ஒரு கிலோ சிவப்பு பீன்ஸ் பை,
பையின் பள்ளத்தில் கேமரா.
ரொட்டி சுடும் அலுமினியத் தட்டை
ஹீட்டர் மேல் சாய்த்தால்
இடது கன்னத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

நான் நிற்க வேண்டிய இடத்தில்
துடைப்பம் நிற்கிறது, என் கழுத்துத் துணியோடு.
அதன் முடிச்சுக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு
டைமரைத் திருகிவிட்டு
ஓட வேண்டும்.
பத்து வினாடி என்பது தொழிற்சாலையின் பேச்சு,
என்னுடையதில் எட்டுதான்.
அதற்குள் துடைப்பத்தை விரட்டி
அது நின்ற இடத்தில், அது நின்ற உயரத்தில்
நான் ஆக வேண்டும்.

"பாஸ்போர்ட்டுக்கா மாக்வாலா?
கல்லறைக் கல்லுக்கா?"
உப்பு கேட்டு வந்த ஜுஜுனா கேட்டாள்.
எங்கள் ஊரில் கருங்கல்லில்
முகத்தைச் செதுக்கித்தான் அனுப்புவார்கள்.
இரண்டுக்கும் இல்லை.
என்னிடம் இருந்த கடைசிப் படத்தில்
விவாகரத்தான அன்று அவனை வெட்டியபோது
கத்தரிக்கோல்
என் காதையும் அவனோடு அனுப்பிவிட்டது.
ஒரு முழுக் காது வேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடம் எக்ஸ்ரே அறை.
உருக்காலைக்காரர்களின் நுரையீரலை
அவர்கள் பெண்டாட்டிகளுக்கு முன்பே பார்த்தவள்.
தெருவில் தொப்பியைத் தூக்கி வணங்குகிறவரின்
பெயர் நினைவில் இல்லை;
இடது காறை எலும்பு, இரண்டு இடத்தில் முறிவு.
ஈயத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று
நாளைக்கு நாற்பது தடவை:
இழுங்க.
பிடிங்க.
அசையாதீங்க.
ஈய அங்கி இல்லாமல்
ஒரு கருவியின் முன்னால் நிற்பது
இதுதான் முதல் தடவை.

ர்ர்ர் என்று டைமர்
பாட்டிலில் மாட்டிய வண்டாய்க் கத்துகிறது.
இழு மாக்வாலா.
பிடி.
அசையாதே.

காலாவதியான ஒரே ஒரு சுருள், முப்பத்தாறு படம்.
மினிபஸ்ஸில் திபிலிசி போய்
அவ்தாண்டிலின் நிலவறையில் கழுவி வாங்கினேன்.
"துடைப்பம் நல்லா விழுந்திருக்கு அம்மா" என்றான்,
சிரிக்காமல்.
ஒன்பதில் துடைப்பம் மட்டும்.
நான்கில் என் முதுகு, ஓடிக்கொண்டே.
மிச்சத்தில் நான் இருக்கிறேன்,
தெளிவாக, நேராக,
கண்கள் பிதுங்கி,
தவளையைப் போலக் கன்னம் உப்பி.
அத்தனையிலும் மூச்சைப் பிடித்திருக்கிறேன்.
விடச் சொல்ல
அந்தப் பக்கம் யாரும் இல்லையே.

ஒரு படம் தவிர.
முப்பத்தாறு முடிந்ததென்று நினைத்து
துடைப்பத்தை அதன் இடத்திலேயே விட்டேன்.
பின்னும் நெம்புகோல் அரைச் சுற்று நகர்ந்தது.
சரி, போகட்டும் என்று டைமரைத் திருகினால்
நடுவில் சிக்கி ஊமையாகிவிட்டது.
சனியனே என்று தட்டப் போனேன்.
தட்டுவதற்கு முன்
க்ளிக்.

வாய் திறந்திருக்கிறது.
தலை ஒரு பக்கம் சாய்ந்து, முடி கலைந்து,
எதையோ திட்டிக்கொண்டு
படத்தைவிட்டு வெளியே வரப் பார்க்கிறாள் ஒருத்தி.
பின்னால், முடிச்சின் ஒவ்வொரு இழையும் எண்ணும்படி,
துடைப்பம்.

கண்ணாடி அலமாரியில் இதைத்தான் வைத்திருக்கிறேன்.
கல் செதுக்குகிறவன் இதைப் பார்த்தால்
கூலியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.
காது மங்கல்தான்.
ஆனால் முழுசு.